மாமாவின் தழும்பு

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கதை, கட்டுரை, கவிதை தர விரும்புவோர் தமிழ்த்துறையில் கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் எழுதுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். எதைப் பற்றி என்று யோசிக்கவே இல்லை. அவனியாபுரத்தில் பிறந்தவனுக்கு எழுத வேறு என்ன இருக்கிறது? தை முதல் நாள் எங்கள் ஊர், மறுநாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கும் மேலாக, என் தாய்மாமன் மாடு குத்திப் பிழைத்தவர். வலது காலைச் சற்றே இழுத்து நடப்பார். பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் டீக்கடை வைத்திருக்கிறார்.

ஒரே இரவில் ஏழு பக்கம் எழுதி முடித்தேன். தலைப்பு, 'வீரம் விளைந்த மண்'. முதல் பத்தியில் சிந்துவெளி முத்திரை. இரண்டாம் பத்தியில் கலித்தொகையின் முல்லைக்கலி. மூன்றாம் பத்தியில் 2014 மே மாதத் தடையும், 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மெரினாவிலும் திரண்ட கூட்டமும். நான்காம் பத்தியில் 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்தாம் பத்திக்குத்தான் மாமா வந்து சேர்ந்தார். சீறி வந்த செவலைக் காளையைச் சிங்கமென எதிர்கொண்டு, திமிலைத் தழுவி, மார்பிலே விழுப்புண் ஏந்தி நின்றார்.

மாமாவின் தழும்பைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். அது வலது தொடையின் பின்பக்கத்தில் இருக்கிறது. எழுதும்போது அதை மார்புக்கு மாற்றிவிட்டேன். புறப்புண் நாணத்தக்கது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோமே!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான்தான் முதல். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆகவே நான் எழுதியதை யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் படித்துத்தான் காட்ட வேண்டும். அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, பேச்சுப் போட்டிக்குப் பேசுவது போல ஏற்றி இறக்கிப் படித்தேன். கேட்டு முடித்ததும் நாரைப் பல்லில் கடித்து அறுத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. யாருடா இது?" என்றார்.

"மாமாதாம்மா."

"எந்த மாமா?"

அம்மாவுக்கு இலக்கியம் தெரியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மறுநாள் கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்துத் தமிழ்ப் பேராசிரியை அழைத்தார். சிவப்பு மையால் ஏழு பக்கத்திலும் வட்டங்கள். 'வீர', 'வீரம்', 'வீரத்தின்' என்று வரும் இடங்களை மட்டும் வட்டமிட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. "உன் மாமாவை எத்தனை முறை நேரில் பார்த்திருப்பாய்?" என்று கேட்டார். தினமும் பார்ப்பதாகச் சொன்னேன். "இதைப் படித்தால் அப்படித் தெரியவில்லையே" என்று கூறி, தம் மேசையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அது சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'.

செல்லப்பா நமக்கு அந்நியர் அல்லர். வத்தலக்குண்டுக்காரர். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை அந்த ஊரும் மதுரை மாவட்டம்தான். ('கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் அய்யரும், பி. எஸ். ராமையாவும் அதே வத்தலக்குண்டுதான். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதோ!) சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புதுக்கவிதைக்கு வழி திறந்த இதழ் அது. தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றிருக்கிறார். 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி 2001இல் விருது அளித்தபோது அவர் இல்லை, 1998இலேயே மறைந்துவிட்டார்.

'வாடிவாசல்' வெளிவந்ததும் 1959இல்தான். நூறு பக்கம்கூட இராது. செல்லாயி கோயில் ஜல்லிக்கட்டு, ஒரு மாலைப் பொழுது, அவ்வளவுதான் களம். தன் தந்தையைக் குத்திக் கொன்ற காரி என்னும் காளையைப் பிடிக்கப் பிச்சி வந்து நிற்கிறான். அருகில் துணைக்கு மருதன். பக்கத்தில் நின்று ஒரு கிழவர் பேசிக்கொண்டே இருக்கிறார். காளைக்குச் சொந்தக்காரர் ஜமீன்தார். முடிவை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

நான் வியந்தது கதையைக் கண்டு அன்று. நானும்தான் வருடா வருடம் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறேன். மாடு வந்தது, பிடித்தார்கள், விட்டார்கள் என்பதற்கு மேல் என் கண்ணில் ஒன்றும் படவில்லை. செல்லப்பாவுக்கோ மாடு வெளியே வருவதற்கு முன்பே எல்லாம் தொடங்கிவிடுகிறது. நிற்பவன் எங்கே நிற்கிறான், கண் எங்கே இருக்கிறது, கூட்டம் எப்போது வாய் மூடுகிறது, மாடு கொம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகிறது. அவர் குறுக்கே வந்து 'ஆகா, என்ன வீரம்!' என்று நம் தோளைத் தட்டுவதில்லை. அச்சமும் பகையும் ஆசையும் அந்த மனிதர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. இரண்டு முறை படித்தேன். பிறகு என் ஏழு பக்கத்தை எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்த வாரமே ஆய்வகத்தில் இன்னொன்று நடந்தது. கூட்டு ஊசல் சோதனை. இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண வேண்டும். எனக்கு வந்த அளவீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. பரிசோதனைக் கூடத்தில் காலங்காலமாகச் செய்வதை நானும் செய்தேன். விடை 980 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அதற்குத் தோதாக நேரங்களை எழுதிவிட்டேன். (என்னைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர்கள் தங்கள் பதிவேட்டை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளவும்.) பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். கோபிக்கவில்லை. "தம்பி, மதுரை பூமத்திய ரேகைக்குப் பக்கம். இங்கே உண்மையான மதிப்பே 978தான். திருடுவதாக இருந்தாலும் சரியான வீட்டில் திருட வேண்டாமா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் நினைவுக்கு வந்தது ஊசல் அல்ல, மார்புக்கு நகர்ந்த தழும்பு. அங்கேயும் விடையை முதலில் எழுதிவிட்டு அளவீட்டைப் பிறகு நிரப்பியிருந்தேன்.

ஸ்பெயின் நாட்டு எருதுப் போரைப் பற்றி ஹெமிங்வே என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1932இல் ஒரு நூல் எழுதினார். நாம் என்ன உணர வேண்டும் என்று பிறர் கற்றுத் தந்ததை விலக்கிவிட்டு உண்மையில் என்ன உணர்ந்தோம் என்று அறிவதே எழுத்தில் கடினம் என்ற கருத்தை அதன் தொடக்கத்தில் சொல்கிறாராம். ஆங்கிலப் பேராசிரியர் வகுப்பில் கூறியது. பாரிசில் இருந்தவருக்கும் இதே தொல்லைதான் போலும்.

கடை சாத்தும் நேரமாகப் பார்த்து மாமாவிடம் போனேன். கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் கேட்டதே இல்லாத கேள்வியைக் கேட்டேன்.

"மாமா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

நான் மார்பில் எழுதியிருந்ததைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாப்ளே, பிடிக்கப் போனவனுக்குத்தான் முன்னாடி குத்தும். ஓடுறவனுக்கு எங்கிட்டுக் குத்தும்?"

2013ஆம் ஆண்டுப் பொங்கல் அது. நான் மூன்றாம் வகுப்பு. மாமா வாடிவாசல் பக்கமே போகவில்லையாம். பிடிபடாமல் ஓடிய மாடு ஒன்று, கயிற்றோடு பின்னால் வந்த சொந்தக்காரருக்கும் அகப்படாமல் சந்துக்குள் திரும்பிவிட்டது. சந்தின் மறுமுனையில் தள்ளுவண்டி நின்றது.

"சலங்கைச் சத்தம்கூட அப்புறந்தான் கேட்டுச்சு. மொதல்ல கேட்டது மூச்சு. சட்டை முதுகுல சூடாப் பட்டுச்சு. அதுவும் பயந்து போய்த்தான்டா வந்துச்சு. வீட்டுக்குப் போற வழி தெரியல அதுக்கு. நான் குறுக்க இருந்தேன், அம்புட்டுத்தான்."

"பயமா இருந்துச்சா மாமா?"

"பயப்பட எங்க நேரம்? ஆஸ்பத்திரில படுத்தப்புறந்தான் பயந்தேன். கையில பஞ்சுமிட்டாய் வேற. கீழ போடணும்னு தோணல பாரு, அதையும் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கேன்."

மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பஞ்சுமிட்டாய் கேட்கும் வயதில் இருந்தவன் ஒருவன்தான். "யாருக்கு மாமா வாங்குனீங்க?" என்றேன். அவர் கழுவிய கிளாசையே மறுபடியும் கழுவினார். எனக்கு அந்த நாள் கொஞ்சமும் நினைவில் இல்லை.

இனி இதை எப்படி எழுதுவது? கடைக்கு வருகிறவர்கள் அவரை மாடுபிடி வீரர் என்றே நம்புகிறார்கள். காலைப் பார்த்துவிட்டு யாராவது கேட்டால், "அது ஒரு காலம்ப்பா" என்பார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஒரு வாக்கியத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். படித்த மருமகன் வந்து அதைப் பிடுங்குவதா? கதை எழுதுகிறவருக்குப் பிச்சி என்றோ மருதன் என்றோ பெயர் சூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. கட்டுரைக்காரனுக்கு ஏது? எங்கள் தெருவில் ரேஷன் அட்டைக்கும் முதியோர் பணத்துக்கும் மனு எழுதித் தருபவன் நான். மனுவில் கதவு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அந்த ஒழுங்கு மனுவோடு நின்றுவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாள் எழுதாமலே இருந்துவிட்டு நேராகவே கேட்டேன். "எழுதட்டுமா மாமா?"

"எழுது, எழுது. உங்க காலேஜ் புத்தகத்தை எந்தக் கடைக்காரன் வந்து படிக்கப்போறான்?" என்றவர், சிறிது நேரம் கழித்து, "பேரை மட்டும் போடாத" என்றார்.

போடவில்லை. புதிதாக எழுதிய ஆறு பக்கத்தையும் சென்ற ஞாயிறு இரவு கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இம்முறை ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பஞ்சுமிட்டாய் வரும் இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். முடித்ததும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் திரும்பினார்.

"எல்லாஞ் சரிதான். ஆனா சந்துக்குள்ள வந்தது செவலைன்னு போட்டிருக்க. யாரு சொன்னா ஒனக்கு? அது மயிலை மாப்ளே."

யாரும் சொல்லவில்லை. 'சீறி வந்த' என்பதற்கு மோனையாக நானே முதல் கட்டுரையில் வைத்த நிறம் அது. திருத்தி எழுதும்போதும் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்லாப்பெட்டியில் கிடந்த பேனாவை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'மயிலை' என்று எழுதினேன்.