மஷூராவும் ஒரு செயலியும்: ஜவ்வாது மலைப் பயணம் தந்த பாடம்

 

நண்பர்கள் கூடிப் பயணம் செல்வதைக் காட்டிலும், என்று செல்வது என முடிவு செய்வதே கடினம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். இதற்கென்றே செயலிகள் பல உள்ளன. 2007-இல் ஸ்விட்சர்லாந்தில் நிறுவனமாகத் தொடங்கப்பட்ட டூடுல், பலருக்கும் ஏற்ற நாளைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. வாட்ஸ்அப்பிலும் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வாக்கெடுப்பு வசதி வந்துவிட்டது. எனினும் வாக்கு எண்ணுவது வேறு, மஷூரா செய்வது வேறு.

என்னிடம் மதரஸாவில் ஓதிய எழுவர் கடந்த ஆண்டு ஜவ்வாது மலைக்குச் செல்ல விரும்பினர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறி, காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தைக் காண வேண்டும்; 1986-இல் அங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவிக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்களது எண்ணம். ஒருவர் தோல் தொழிற்சாலையில் பணிபுரிபவர். அவருக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை. ஒருவர் பள்ளிவாசல் இமாம். ஐவேளையும் தொழவைக்க மாற்று ஆள் கிடைத்தால்தான் அவரால் புறப்பட இயலும். இருவர் பெங்களூரில் மென்பொருள் துறையில் உள்ளனர்.

குழுவில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஓரிரவு தங்கும் விடுதி, தனி வேன் எனப் பெரும்பான்மை முடிவாயிற்று. ஒரு மாணவர் மட்டும் எதற்கும் வாக்களிக்கவில்லை. பின்னர், "எனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்று எழுதிவிட்டார். உண்மையில் அவரைத் தடுத்தது வேலையன்று, செலவு. அதை ஆறு பேர் பார்க்கும் இடத்தில் எப்படி எழுதுவார்? இத்தகைய மௌனம் இரண்டு மூன்று முறை தொடர்ந்தால், அடுத்த முறை அவரை அழைப்பதையே நண்பர்கள் மறந்துவிடுவர்.

மூவர் இருக்கும்போது ஒருவரை விட்டுவிட்டு இருவர் தனித்து இரகசியம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது மூன்றாமவரை வருத்தும் என்பதே அவர்கள் கூறிய காரணம். இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒருவரை வெளிப்படையாக விலக்காமலேயே அவர் விலகிப்போகும்படி செய்யும் ஏற்பாடும் அதே வருத்தத்தைத்தானே தருகிறது?

பெங்களூரில் பணிபுரியும் அவ்விருவரும் நண்பர்களுக்கென ஒரு செயலியை வடிவமைக்க முனைந்து, "ஹஜ்ரத், இதில் என்னென்ன இருக்க வேண்டும்?" என்று கேட்டனர். நான் கூறியவை இவைதாம்.

முதலாவதாக, விருப்பத்தைக் கேட்பதற்கு முன் தடையைக் கேளுங்கள். எந்த நாள் இயலாது, எவ்வளவு செலவிட இயலும் என்பதை ஒவ்வொருவரும் தனியே தெரிவிக்கட்டும். மிகக் குறைந்த தொகையே அனைவருக்கும் வரம்பாகட்டும். அது யாருடையது என்பது வெளிவரக் கூடாது. "அப்படியானால் ஒருவருக்காக எல்லோருடைய பயணமும் சுருங்கிவிடுமே" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. உணவு குறைந்தபோது இருந்ததையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதை நினைவூட்டினேன். வசதியுள்ளவர் பொதுப்பணத்தில் பெயரின்றிக் கூடுதலாகச் சேர்க்க அச்செயலியில் ஒரு வழி இருக்கட்டும்.

இரண்டாவதாக, மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடாதீர்கள். "இயலாது" என்பதற்குக் காரணமும் கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பொய் சொல்லும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிடுவோம்.

மூன்றாவதாக, ஓர் அமீர் வேண்டும். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு அபூதாவூதில் வரும் நபிமொழி ஏவுகிறது. ஆலோசனை செய்யுமாறும், உறுதி கொண்டபின் அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்குமாறும் குர்ஆன் (3:159) கற்பிக்கிறது. எனவே, கருத்துக் கூற ஒரு கெடு இருக்கட்டும். அது முடிந்ததும் அமீர் தீர்மானிக்கட்டும்.

நான்காவதாக, "இன்ஷா அல்லாஹ்" என்பதை நழுவும் சொல்லாக்கிவிடாதீர்கள். வர எண்ணுபவர் உறுதியோடு சொல்லும் சொல் அது. ஐயமுள்ளவருக்கு "இன்னும் தெரியவில்லை" என்ற தனித் தெரிவு இருக்கட்டும்.

செயலி இன்னும் முழுமை பெறவில்லை. ஆயினும் அதன் முறையைத் துண்டுக் காகிதங்களில் சோதித்தோம். எழுவரும் எழுதித் தந்ததை நானே வாங்கிப் பார்த்து, வரம்பை மட்டும் அறிவித்தேன். விடுதி கைவிடப்பட்டது, காலையில் சென்று இரவில் திரும்பும் பயணமாயிற்று, உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டனர். முன்பு விலகிய மாணவர் இம்முறை சென்றார். தொழிற்சாலையில் பணிபுரிபவருக்கோ அந்த ஞாயிறன்றும் வேலை வந்துவிட்டது. "இயலாது" என்று மட்டும் சொன்னார். எவரும் துருவிக் கேட்கவில்லை. அடுத்த பயணத்திற்கான நாளை அவரிடமே முதலில் கேட்பதென நண்பர்கள் முடிவு செய்துள்ளனர்.

உங்கள் குடும்பத்திலும் நட்பு வட்டத்திலும் அடுத்த முறை ஏதேனும் திட்டமிடும்போது, யார் பேசாமல் இருக்கிறார் என்று ஒருகணம் பாருங்கள். அவரிடம் தனியே கேளுங்கள். எவர் மனமும் நோகாமல் கூடி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.