சாவியைத் தொடவிடாத அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

நேரில் நன்றி சொன்னால், “போ தம்பி, வேல கெடக்கு” என்று ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணி மீனாட்சிபுரத்துத் தெருவுக்குள் புகுந்து, அப்பாவின் கான்டசா காரை பானட் வரை மூழ்கடித்திருந்தது. தண்ணீர் வடிந்ததும் சேற்றில் நின்றபடி உங்களுக்குப் போன் போட்டேன். வீட்டில் எல்லோரும் சுகமா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. “சாவியத் தொட்டியா? தொட்டுராத. செல்ப் எடுத்தா ராடு வளஞ்சிரும், பாத்துக்கோ.” பிஸ்டன் காற்றை நசுக்கும், தண்ணீரை நசுக்க முடியாது, அந்த அழுத்தம் கனெக்டிங் ராடில்தான் இறங்கும் என்பதெல்லாம் பிறகு நீங்கள் சொல்லித் தெரிந்தது. போன் பேசும்போது சாவி என் கையில்தான் இருந்தது.

கயிறு கட்டி வண்ணார்பேட்டைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினீர்கள். ஆயில் சேம்பரைத் திறந்தால் பால் விட்ட டீ மாதிரி ஊற்றியது. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஸ்பானர் போட்டுக் கையாலேயே இன்ஜினைச் சுற்றினீர்கள். பிளக் ஓட்டை வழியாக ஆற்றுத் தண்ணீர் பீய்ச்சி உங்கள் சட்டையை நனைத்தது. கார்பரேட்டர், டேங்க், டிஸ்ட்ரிபியூட்டர், கியர் பாக்ஸ் என்று எதையும் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் வண்டி இருமி, புகை கக்கி, உறுமியது. கம்ப்யூட்டர் பெட்டி உள்ள புது வண்டிகள் பல எங்கள் தெருவிலிருந்து லாரியில் ஏறிப் போனது போனதுதான்.

இந்த வண்டியை ‘இந்தியாவின் மசில் கார்’ என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நிஜ மசில் காரான அமெரிக்காவின் போன்டியாக் ஜிடிஓ, 1964-இல் நடுத்தர உடம்புக்குள் 6.4 லிட்டர் இன்ஜினைத் திணித்துக்கொண்டு வந்தது. நம் கான்டசாவோ, இங்கிலாந்து வாக்ஸாலின் நீண்ட பானட்டுக்கு அடியில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு பிறந்தது. பயில்வான் உடம்பில் குமாஸ்தா இதயம். 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்த பிறகுதான் கொஞ்சம் மானம் தப்பியது. 2002-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அப்பா அதைக் கடைசிவரை ‘கப்பல்’ என்றுதான் சொன்னார்.

ஆனாலும் சின்ன வயதில் என்னை மயக்கியது கான்டசா இல்லை, நீங்கள் சொன்ன சோழவரம் பந்தயக் கதைகள்தான். சென்னையில் ஒரு பட்டறையில் கையாளாக இருந்தபோது சோழவரம் பந்தயத்துக்குப் போனீர்கள். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் பியட்டும் ஹெரால்டும் அங்கே சீறின. பெங்களூரில் செய்த சிபானி டால்பின், பைபர் உடம்பு லேசாக இருந்ததால், பெரிய வண்டிகளைத் திணறடித்தது. எடையைக் குறைப்பது இன்ஜினைப் பெரிதாக்குவதைவிட மலிவு என்று அங்கே கற்றதாகச் சொல்வீர்கள். கோவை கரிவரதன் மாருதி 800 பாகங்களை வைத்தே ‘பார்முலா மாருதி’ வண்டி கட்டியதையும் உங்கள் வாயால்தான் கேட்டேன். பந்தயம் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போனபோது நீங்கள் நெல்லைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

பதிலுக்கு நான் ஒரு கதை சொன்னேன், நினைவிருக்கிறதா? 1949 ஜூனில், அமெரிக்காவின் சார்லட் நகரில், கடையில் வாங்கிய கார்களுக்கென்று நாஸ்கார் என்ற கார்ப் பந்தய அமைப்பு வைத்த முதல் போட்டி. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தால், அவர் ஓட்டிய போர்டு காரின் பின் ஸ்பிரிங்கை விரித்து விறைப்பாக்கியிருந்தார்கள். கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் செய்கிற வேலை. வெற்றியைப் பறித்து, லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள்.

கார்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதிக்கொண்டே கேட்டுவிட்டு, “ஜெயிச்சவன் பேரு சொல்லுத, தோத்தவன் பேரு சொல்லுத. ஸ்பிரிங்க விரிச்சவன் பேரு என்ன தம்பி?” என்றீர்கள். என்னிடம் பதில் இல்லை. இப்போது இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இது எந்த ஊர் நியாயம் அண்ணாச்சி?

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சரிசெய்த கணக்கை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித் தந்தீர்கள். ஆயில், பிளக், டீசல், ஹோஸ். கூலிக்கு நேரே ஒன்றுமில்லை. கேட்டதற்கு, “சோழவரத்துல எவன் கூலி வாங்குனான்?” என்றீர்கள். அந்தத் தாளை டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. இந்த முறை வண்டியைப் பாளையங்கோட்டை மேட்டில், சித்தப்பா வீட்டு வாசலில் விட்டிருக்கிறேன். சாவி உங்கள் பட்டறைச் சுவரில், பழைய பேன் பெல்ட் தொங்குகிற ஆணியில் மாட்டியிருக்கிறது.

அன்புடன்,
மீனாட்சிபுரத்துக் கான்டசாக்காரன்