கண்டியின் நத்தார்க் கடைத்தெரு

அல்ப்ஸ் மலைத்தொடரை அண்டிய நகரங்களில் டிசம்பர் மாதத்தில் கூடுகின்ற நத்தார்ச் சந்தைகளை நேரிற் சென்று காணாதவர்களும் இன்று அவற்றை நன்கறிவர். சுவிஸிலும் ஜெர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் வாழும் நம்மவர்கள் ஆண்டுதோறும் படங்களை அனுப்பி வைக்கின்றனர். பனி போர்த்த தேவாலய முன்றில், வரிசையாக மரப்பலகைக் கடைகள், கையாற் செதுக்கிய பொம்மைகள், மெழுகுதிரிகள், கறுவாவும் கராம்பும் இட்டுச் சூடாக்கிய வைன். என் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன்னர் சால்ஸ்பர்க் நகரிலிருந்து அத்தகைய படமொன்றை அனுப்பி, "அண்ணா, நம்ம கண்டியில் இப்படி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாள். அந்த வைனில் மணப்பது கண்டி, மாத்தளைப் பக்கத்துக் கராம்பாகவும் இருக்கக்கூடும் என்று வேடிக்கையாகப் பதிலெழுதினேன். எனினும் அவளது கேள்வி மனதில் தங்கிவிட்டது.

அந்தச் சந்தைகளின் வரலாறு சுவையானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434ஆம் ஆண்டில் தொடங்கியது. சால்ஸ்பர்க் சந்தையின் வேர்களும் பதினைந்தாம் நூற்றாண்டு வரை செல்கின்றன. அவை சுற்றுலாப் பயணிகளுக்காகத் தோன்றியவை அல்ல. கடுங்குளிர் தொடங்குமுன் மக்கள் தமக்கு வேண்டிய இறைச்சியையும் மாவையும் துணியையும் வாங்கிச் சேமிக்க வேண்டியிருந்தது. உள்ளூர்த் தச்சரும் கூடை முடைவோரும் அப்பம் சுடுவோரும் குளிர்காலம் முழுவதும் உண்பதற்கு நாலு காசு தேட வேண்டியிருந்தது. பண்டிகையின் பெயரால் நடந்தாலும் சந்தை என்பது அடிப்படையில் வயிற்றுப்பாட்டின் விடயமே. இதை மனதிற் கொண்டு பார்த்தால் கண்டியிலும் ஒரு நத்தார்ச் சந்தை உண்டென்றே சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் நடுப்பகுதியில் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்குங்கள். அங்கிருந்து மத்திய சந்தைப் பக்கமாகவோ கொழும்பு வீதி, யட்டிநுவர வீதி வழியாகவோ நடந்தால் போதும். கடைவாசல்களில் நட்சத்திரக் கூடுகள் தொங்கும். வெசாக் கூடு கட்டிப் பழகிய கைகள் கட்டிய கூடுகளும் அவற்றுள் உண்டு. சைப்பிரஸ் கிளைகளைக் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். பலசரக்குக் கடைகளில் கேக்குக்கான ரவையும் கஜூவும் உலர்ந்த திராட்சையும் நீற்றுப்பூசணித் தோசியும் முன்வரிசைக்கு வந்துவிடும். நடைபாதையில் படங்கு விரித்துக் குழந்தைச் சட்டைகளும் செருப்புகளும் மின்குமிழ் மாலைகளும் குவித்திருப்பார்கள். விற்பவர்களில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என எல்லோரும் உண்டு. பௌத்தர்களே பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில், கிறிஸ்தவப் பண்டிகையை நம்பி முஸ்லிம் வியாபாரி கடன்பட்டுச் சரக்கெடுப்பதும், அதைத் தோட்டத்துத் தமிழர் வந்து வாங்குவதும் இந்நகரில் எவருக்கும் வியப்பளிக்காத காட்சி. அந்த மணிக்கூட்டுக் கோபுரமே தம் மகனின் நினைவாக ஹாஜி முகம்மது இஸ்மாயில் என்னும் வணிகர் நகருக்கு அளித்த கொடை. பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க அதைத் திறந்து வைத்தது 1950 டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள்.

2025ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய வாரத்தில் இக்கடைத்தெருவில் இரண்டு நாட்கள் நடந்து திரிந்தேன். அந்த ஆண்டின் நிலைமை வேறு. நவம்பர் 28ஆம் திகதி கரை தொட்ட டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டிருந்தது. உயிரிழப்பு மிக அதிகமாகப் பதிவான மாவட்டம் கண்டி. மலைகள் சரிந்து வீடுகளை மூடின. 1867இல் கண்டியை வந்தடைந்த ரயில் பாதை பல இடங்களில் சிதைந்து கிடந்தது. லயன் அறைகளை இழந்த தோட்டக் குடும்பங்கள் பொது மண்டபங்களிலும் கோயில்களிலும் தங்கியிருந்தன.

இத்தகைய வேளையில் பண்டிகை எதற்கு என்று பலர் கேட்டனர். ஆடம்பரத்தைத் தவிர்த்து அப்பணத்தை நிவாரணத்துக்குக் கொடுங்கள் என்றனர். கேட்டவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. நட்சத்திர விடுதியில் விருந்து வைக்கவிருந்தவர் அதனைக் கைவிட்டால் அது நல்ல செயலே. ஆனால் அதே அறிவுரை நடைபாதைக்கு இறங்கி வரும்போது பொருள் மாறிவிடுகிறது. அன்று என்னுடன் பேசிய செருப்பு வியாபாரி, தன் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி சித்திரைப் புத்தாண்டிலும் டிசம்பரிலுமே கிடைப்பதாகச் சொன்னார். சரக்கு ஒக்டோபரிலேயே கடனுக்கு எடுத்தாயிற்று. அவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது. "எல்லாரும் அனுதாபப்பட்டு வாங்காம போனா நானும் முகாமுக்குத்தான் போகணும் சேர்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. 1983 ஜூலைக் கலவரம் கண்டிக்குப் பரவிய நாளில் அவர் கணக்கெழுதிய துணிக்கடையும் எரிந்து போயிற்று. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். தந்தையார் நான்கு மாதம் வேலையின்றி வீட்டில் இருந்தார். டிசம்பர் பிறந்ததும் அயலில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர் கொடுத்த கைமாற்றுப் பணத்தில் நத்தார் வாழ்த்து மடல்களும் வண்ணத் தாள்களும் வாங்கி வந்து நடைபாதையில் பரப்பினார். வேட்டி கசங்காமல் கடைக்குப் போய்வந்த மனிதர் தெருவிற் குந்தியிருந்து கூவி விற்பதைக் காண எனக்கு வெட்கமாகவும் அச்சமாகவும் இருந்தது. தமிழரின் கடைகளை எரித்த தெருவில் ஒரு தமிழர் ஐந்து மாதம் கழித்து மறுபடியும் கடை விரித்திருக்கிறார். வாங்கினார்கள். சிங்களப் பெண்கள் வாங்கினார்கள், கன்னியாஸ்திரிமார் வாங்கினார்கள், பாடசாலைப் பிள்ளைகள் வாங்கினார்கள். அனுதாபத்தால் வாங்கினார்களா, தேவைக்கு வாங்கினார்களா என்பதை நான் அறியேன். தைப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை ஏறியது அந்த விற்பனையினால்தான்.

தானம் பெறுபவர் கையேந்தி நிற்க வேண்டும். விற்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து விலை சொல்லலாம். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அந்த டிசம்பரில் என் தந்தையாரின் முகத்திற் கண்டேன். எனவேதான் நிவாரணம் கொடுங்கள், ஆனால் நடைபாதையில் வாங்குவதை நிறுத்தி அதைச் செய்யாதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்லி வருகிறேன்.

வாங்குவோர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இரண்டாம் நாள் மாலை, நட்சத்திரக் கூடு விற்கும் கடையொன்றின் முன்னால் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த கணவனும் மனைவியும் நின்றனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய லூல்கந்துர அந்த மலைப்பகுதியிலேயே இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை பறித்த சமூகத்துக்கு இன்னும் சொந்தக் காணி கனவாகவே உள்ளது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆனதே பெரும் போராட்டங்களுக்குப் பிறகுதான். இவர்களுடைய லயன் மண்சரிவில் போய்விட்டது. பதினொரு குடும்பங்கள் தோட்டத்து மண்டபத்தில் தங்கியிருந்தன.

"கரண்டு இல்லாம எரியிறது இருக்குங்களா மொதலாளி?" என்று அந்தப் பெண் கேட்டார்.

கடைக்காரர் பற்றரியில் எரியும் சிறிய கூடொன்றை எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டதும் அவர் கணவனைப் பார்த்தார். கணவன் தரையைப் பார்த்தார்.

"வீடே இல்ல, நட்சத்திரத்த எங்க புள்ள மாட்டுறது?" என்றார் கணவன் மெதுவாக.

"மண்டபத்து வாசல்ல மாட்டுவோம். புள்ளைக எல்லாம் பாக்கட்டும். போன வருசம் நம்ம லயத்துல ஒம்போது எரிஞ்சிச்சு. ஒன்னாச்சும் எரியட்டும்."

"எடுங்க தங்கச்சி, குறைச்சித் தாரன்" என்றார் கடைக்காரர். குறைத்த விலைக்கே கொடுத்து, இரண்டு பற்றரிகளையும் மேலதிகமாகப் பையில் போட்டார். அந்தப் பெண் பற்றரிகளை வெளியில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுக்குக் காசு?" என்றார். அவர் கையை அசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார்.

எல்லாவற்றையும் இழந்தவர் முதலில் அரிசியையும் பாயையும்தான் வாங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அரிசியும் பாயும் லொறிகளில் வந்துகொண்டுதான் இருந்தன. நட்சத்திரம் எந்த லொறியிலும் வரவில்லை. பிள்ளைகளுக்கு இது டிசம்பர்தான் என்று சொல்ல அந்தத் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை.

சால்ஸ்பர்க்கில் இருக்கும் சகோதரிக்கு இப்போது விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். கண்டியில் பனி பெய்யாது, மரக்கடைகளும் இல்லை. ஆனால் உள்ளூர்க் கைகள் செய்ததை உள்ளூர் மக்கள் வாங்கி, இரு தரப்பும் அடுத்த பருவம் வரை தாக்குப்பிடிப்பதே நத்தார்ச் சந்தை என்றால் அது இங்கேயும் உண்டு. ஊருக்கு வரும்போது டொலரைக் குளிரூட்டிய கடைத்தொகுதிகளில் மட்டும் மாற்றாமல் கொஞ்சம் நடைபாதையிலும் மாற்றும்படி கேட்டிருக்கிறேன். பேரம் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பேசாமல் இருக்கமாட்டாள், அவளும் கண்டிக்காரிதானே.