பாதி அவள் பெயரில்

ஒரெகான் பாதை மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் தொடங்கி, ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் மேற்கே, வில்லமெட் நதி அருவியாக விழும் ஒரெகான் சிட்டியில் முடிகிறது. 1840களிலும் 50களிலும் ஒரு குடும்பம் இதைக் கடக்க நான்கு முதல் ஆறு மாதம் பிடித்தது. இந்தப் பாதையை வைத்து எழுதப்பட்ட காதல் நாவல்களுக்கு அமெரிக்காவில் கணக்கே கிடையாது. வண்டிக் கூட்டத்துக்கு வழிகாட்டும் முரட்டு இளைஞன், தகப்பனை இழந்த பெண், நெருப்பைச் சுற்றிப் பிடில் இசை, நடுவில் ஒரு நதி வெள்ளம், கடைசியில் கல்யாணம். இவற்றை ஆசையோடு படித்தவன் நான். பிறகு அந்தப் பாதையில் நடந்த பெண்களின் நாட்குறிப்புகள் கைக்கு வந்தன. நாவல்களில் பார்த்ததைவிட அழுத்தமான காதல்கள் அவற்றில் இருந்தன. பெரும்பாலும் கல்யாணம் ஆனவர்களின் காதல்.

இண்டிபெண்டன்ஸில் ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் புல்லுக்காகக் காத்திருப்பார்கள். வழியில் புல் முளைக்காமல் கிளம்பினால் மாடு செத்துவிடும். தாமதித்துக் கிளம்பினால் மேற்கே மலையில் பனி பிடித்துக்கொள்ளும். குதிரையைவிடக் காளையையே பலரும் நம்பினார்கள். அது மெதுவாகப் போகும், ஆனால் கிடைத்த புல்லைத் தின்று சுமை இழுக்கும். கூண்டு வண்டியின் பெட்டி சுமார் பத்தடி நீளம், நாலடி அகலம். அதற்குள் ஆறு மாதத்துக்கு மாவு, பன்றி இறைச்சி, காப்பிக்கொட்டை, விதை, கலப்பைக் கொழு. ஆள் உட்கார இடமிருக்காது. நோயாளியும் கைக்குழந்தையும் தவிர மற்றவர்கள் நடந்தார்கள். நாவலில் காதலர்கள் அருகருகே அமர்ந்து பேசும் அந்த வண்டிப் பலகை, நிஜத்தில் மாட்டுக்குப் பாரம் குறைக்கக் காலியாக விடப்பட்ட இடம்.

ஐயோவாவில் இருந்த கெட்டூரா பெல்நாப்பின் குறிப்புகளில் அந்த வண்டி எப்படி நிரம்பியது என்று பார்க்கலாம். 1847 இலையுதிர் காலத்தில் அவருடைய சின்ன மகள் இறந்துபோனாள். அதற்கு முன்பும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். கணவர் வீட்டார் ஒரெகான் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். கெட்டூரா அந்தக் குளிர்காலம் முழுக்க நூல் நூற்று, நெய்து, கூண்டுக்குத் துணியும் மாவு மூட்டைக்குப் பைகளும் தைத்தார். எந்த மூலையில் எது என்று கிளம்புமுன்பே எழுதிவைத்தார். துணி துவைக்கும் தொட்டிக்குள் சாப்பாட்டுக் கூடை சரியாகப் பொருந்த வேண்டும். நல்ல பீங்கான் தட்டுகளோடு புறப்படுவது, உடைந்தால் தகரத் தட்டுக்கு மாறுவது. நான்கு மேசை விரிப்புகள் தைத்துக்கொண்டார், வழியிலும் வீட்டில் இருப்பது போலவே சாப்பிட. மகளைப் புதைத்த மண்ணை விட்டுப் போகும் ஒரு தாய் மேசை விரிப்பைப் பற்றி யோசிக்கிறாள். கணவன் மேலும் மிஞ்சியிருக்கும் மகன் மேலும் அவளுக்கு இருந்த அன்பு அந்த விரிப்புகளில் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன். போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்தவர்கள் அநேகமாக ஆண்கள். இத்தகைய நாட்குறிப்புகளைத் தொகுத்து லில்லியன் ஷ்லிசல் 1982இல் வெளியிட்ட புத்தகத்தைப் படிப்பவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

பிளாட் நதியைத் தொட்டதும் மரங்கள் நின்றுவிடுகின்றன. பல வாரங்கள் புல்வெளி மட்டும்தான். விறகு கிடையாது. காட்டெருமைச் சாணம் வெயிலில் காய்ந்து வறட்டியாகக் கிடக்கும். பெண்கள் முந்தானை போலக் கட்டிய ஏப்ரனில் அதைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் ரொட்டி சுட்டார்கள். முதலில் கை கூசியவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

1846 ஜூன் 14ஆம் தேதி இந்த நதியோரம் நடந்ததைப் பத்திரிகையாளர் எட்வின் பிரையன்ட் எழுதியிருக்கிறார். அவருக்கு மருத்துவம் கொஞ்சம் தெரியும் என்று கேள்விப்பட்டு இன்னொரு வண்டிக் கூட்டத்திலிருந்து ஆள் வந்தது. வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய ஒரு சிறுவன். எட்டு ஒன்பது வயது இருக்கும். நாள் கடந்து கால் அழுகிவிட்டது. இனி எதுவும் பயனில்லை என்று பிரையன்ட் சொல்லிப் பார்த்தார், தாய் கேட்கவில்லை. எப்போதோ மருத்துவமனையில் எடுபிடியாக இருந்த ஒருவர் கத்தியை எடுத்தார். அறுவை முடியும்போது பையன் இறந்துபோனான். அதே மாலை, பக்கத்திலேயே ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் தகப்பன் கூடாரத்தில் போதகர் ஓதினார். கேக் இருந்தது, மேலே சர்க்கரைப் பூச்சு இல்லை. பாட்டும் ஆட்டமும் இல்லை. வெளியே வந்த பிரையன்ட், தீப்பந்த வெளிச்சத்தில் பையனைப் புதைக்கப் போகிறவர்களைப் பார்த்தார். அந்த இரவே ஒரு பெண்ணுக்குப் பிரசவமும் ஆயிற்று.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். இழவு வீட்டுத் தெருவில் மேளம் கொட்டாத ஊர்க்காரர்கள் நாம். ஆனால் மறுநாள் விடிந்ததும் வண்டி நகர வேண்டும். நாளைக்கு வேறு சாவு இருக்கலாம். அந்தத் தம்பதி அவசரப்பட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிம்னி ராக் என்ற ஒற்றைத் தூணைக் கடந்தால் ஸ்காட்ஸ் பிளஃப் குன்றுகள். அங்கே நதியின் வடகரையில், யூட்டா நோக்கிப் போன மார்மன் மதப்பிரிவினர் கூட்டத்தில், ரெபெக்கா வின்டர்ஸ் 1852 ஆகஸ்டில் காலராவில் இறந்தார். அந்த ஆண்டுகளில் பாதையோரம் புதைத்தவர்கள் பெயர் எழுத ஒரு பலகைத்துண்டுதான் நட முடிந்தது, ஓரிரு மழைக்காலத்தில் அது போய்விடும். ரெபெக்கா குடும்பத்தின் நண்பர் வில்லியம் ரெனால்ட்ஸ் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை எடுத்து, அதில் பெயரையும் வயதையும் உளியால் வெட்டி, வளைத்துத் தலைமாட்டில் ஊன்றினார். சுமார் அரை நூற்றாண்டு கழித்து ரயில்பாதை போட அளவெடுத்தவர்கள் அந்தப் பட்டையைக் கண்டார்கள். கல்லறை மேல் தண்டவாளம் போகாதபடி பாதையை நகர்த்தினார்கள். பட்டை இன்றும் இருக்கிறது.

அதே 1852இல், லாரமி கோட்டைப் பக்கம் இன்னொரு பெண் காலராவில் இறந்தார். ஆன் ஸ்காட். பன்னிரண்டு பிள்ளை பெற்று உடல் ஓய்ந்தவர், இந்தப் பயணத்தை விரும்பாதவர். அவருடைய பதினேழு வயது மகள் அபிகெய்லிடம்தான் குடும்ப நாட்குறிப்பு எழுதும் வேலையைத் தகப்பன் ஒப்படைத்திருந்தார். தாயின் சாவையும் அவளே எழுத வேண்டி வந்தது. சில வாரம் கழித்துச் சின்னத் தம்பியின் சாவையும். இந்தப் பெண்ணைப் பாதையின் முடிவில் மறுபடி சந்திப்போம்.

சினிமாவில் இந்த இடங்களில்தான் வண்டிகளை வட்டமாக நிறுத்திச் செவ்விந்தியரோடு சண்டை போடுவார்கள். ஜான் உன்ரூ என்ற வரலாற்றாசிரியரின் கணக்குப்படி 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். ஆளைத் தின்றது காலராவும் நதியும் சக்கரமும்தான். ஆற்றைக் கடக்கப் பயணிகளுக்கு உதவிய பூர்வகுடிகள் பல நாட்குறிப்புகளில் வருகிறார்கள், பெயரில்லாமல்.

சவுத் பாஸ் கணவாய் ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் வாசல். ஏறுகிறோம் என்றே தெரியாத அளவுக்குச் சாய்வு குறைவு. இதன் வழியாக 1836 ஜூலை 4 அன்று இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் முதன்முறையாகப் போனார்கள்: நார்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங். பூர்வகுடிகளிடையே ஊழியம் செய்ய ஆசைப்பட்ட நார்சிசாவைத் தனியாக அனுப்ப மிஷன் சபை தயாராக இல்லை. மார்கஸ் விட்மன் என்ற மருத்துவரும் போக விரும்பினார். அதிகம் பழகாத இருவரும் நிச்சயம் செய்துகொண்டு, பிப்ரவரி 18 அன்று மணம் முடித்து, மறுநாளே கிளம்பினார்கள். எலைசாவின் கணவர் ஹென்றி ஸ்பால்டிங் முன்பு நார்சிசாவைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டவர் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இரு தம்பதிகளும் வழியெல்லாம் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். அப்படியிருந்தும் நார்சிசா வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வழிகிறது புது மனைவியின் சந்தோஷம். 1837 மார்ச்சில் பிறந்த மகள் ஆலிஸ் பாதையில் கருவானவள். தேவைக்காகச் செய்துகொண்ட கல்யாணம் புல்வெளியில் காதலாக மாறியதற்கு இந்தப் பாதையில் எனக்குத் தெரிந்த முதல் சான்று இதுதான்.

கணவாய்க்கு அப்பால் லிட்டில் சாண்டி ஓடையருகே 1846இல் ஒரு கூட்டம் குறுக்குவழி தேடித் தெற்கே திரும்பியது. டானர் குடும்பமும் மற்றவர்களும். அவர்கள் போனது கலிபோர்னியாவுக்கு. சியரா நெவாடா மலைப்பனியில் சிக்கிப் பட்டினி கிடந்த அவர்களை மீட்க ஆட்கள் வந்தபோது, நடக்கத் தெம்பிருந்த டாம்சன் டானர் தன் மகள்களை மட்டும் அனுப்பிவைத்தார். கை புண் முற்றிச் சாகக் கிடந்த கணவன் ஜார்ஜை விட்டு வரமாட்டேன் என்றார். பசியைப் பற்றியே அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்னேக் நதி நெடுகக் கறுத்த எரிமலைப் பாறை, தூசி, தண்ணீர் ஆழத்தில் ஓடும். மாடுகள் அங்கே விழும். வண்டியை இலேசாக்க அலமாரி, அடுப்பு, பெட்டி என்று சீதனமாக வந்தவற்றை வழியில் இறக்கிப் போட்டார்கள். புளூ மலைகளைத் தாண்டினால் வைலாட்பு. விட்மன் தம்பதியின் மிஷன். ஆலிஸ் 1839இல் இரண்டு வயதில் அங்கே ஆற்றில் மூழ்கி இறந்தாள். 1844இல், வழியில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த சேகர் குடும்பத்தின் ஏழு பிள்ளைகளை நார்சிசா எடுத்து வளர்த்தார். ஆண்டுக்கு ஆண்டு வண்டிகள் பெருகின. 1847இல் தட்டம்மை பரவியது. அங்கிருந்த பூர்வகுடிகளான கயூஸ் மக்களின் பிள்ளைகள் கூட்டமாகச் செத்தார்கள், வெள்ளையர் பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். மருத்துவர் நஞ்சு கொடுக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. நவம்பர் 29 அன்று கயூஸ்கள் சிலர் மார்கஸையும் நார்சிசாவையும் மற்றும் பலரையும் கொன்றார்கள். 1850இல் ஐந்து கயூஸ்கள் ஒரெகான் சிட்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். தங்கள் நிலத்தில் யாரோ வந்து குடியேற, தங்கள் பிள்ளைகள் கண்முன் சாவதைப் பார்த்த தாய்மாரின் நாட்குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

தி டால்ஸில் கொலம்பியா நதியில் தெப்பம் கட்ட வேண்டும், அல்லது 1846க்குப் பிறகு சாம் பார்லோ திறந்த மலைச்சாலையில் சுங்கம் கட்டிவிட்டு, வண்டியைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். பிறகு வில்லமெட் பள்ளத்தாக்கு.

இங்கேதான் காதலுக்கும் நிலத்துக்கும் முடிச்சு விழுகிறது. 1850 செப்டம்பரில் நிறைவேறிய நிலச்சட்டம், ஏற்கெனவே குடியேறியிருந்த தனி ஆணுக்கு 320 ஏக்கர் தந்தது. மணமானவனுக்கு 640, அதில் பாதி மனைவியின் சொந்தப் பெயரில். 1851 டிசம்பர் 1க்குள் கல்யாணம் செய்தாலும் போதும். பெண் தேடி ஆண்கள் அலைந்தார்கள், பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கும் தாலி ஏறியது என்று நம் ஊர் வழக்கில் சொல்லலாம். இதைக் காதல் காவியமாக எழுதும் நாவல்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அதே சட்டம், மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை பெரும்பாலும் இல்லாதிருந்த காலத்தில், 320 ஏக்கரை அவள் பெயரில் எழுதியது. இரண்டும் உண்மை.

கறுப்பருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கறுப்பர் குடியேறவே கூடாது என்று ஒரெகானில் 1844இலேயே விதி இயற்றினார்கள். அந்த ஆண்டு வந்த ஜார்ஜ் புஷ் கலப்பினத்தவர், மனைவி இசபெல்லா வெள்ளைக்காரர். வசதியுள்ள புஷ் வழியில் இல்லாதவர்களுக்கு உதவியவர். இருவரும் பிள்ளைகளோடு கொலம்பியாவைத் தாண்டி வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் டம்வாட்டர் பக்கம் போய்ப் பண்ணை அமைத்தார்கள். அண்டை வீட்டாரும் சட்டமன்றத்தாரும் மனுப் போட்டு, 1855இல் அவர்களுக்கென்றே அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அந்த 640 ஏக்கரை உறுதி செய்தது. இவர்களைக் கதாநாயகன் நாயகியாக்கி யாராவது எழுத வேண்டும்.

நாட்குறிப்பு எழுதிய அபிகெய்ல் ஸ்காட் 1853இல் பென் டனிவேயை விரும்பி மணந்தார். பிள்ளைகளுக்கும் பண்ணை வேலைக்கும் நடுவே, அந்தப் பயணத்தை வைத்தே ஒரு நாவல் எழுதி 1859இல் வெளியிட்டார். பெயர் 'கேப்டன் கிரேஸ் கம்பெனி'. ஒரெகானில் அச்சான முதல் நாவல்களில் ஒன்று அது. பாதையைப் பற்றிய காதல் கதைகளின் தொடக்கத்தில் நிற்பவர், அதே பாதையில் தாயைப் புதைத்தவர். விமர்சகர்கள் கேலி செய்தார்கள். பிறகு பென் ஒரு நண்பருக்குக் கடன் ஜாமீன் போட்டார். பண்ணை கைவிட்டுப் போனது. அடுத்து அவர் விபத்தில் அடிபட்டு உழைக்க முடியாமல் ஆக, அபிகெய்ல் பள்ளி நடத்தி, தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். அந்தக் கடையில் பெண்கள் வந்து சொன்ன கணவன், கடன், சொத்துக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, 1871இல் போர்ட்லாந்தில் பெண்ணுரிமைக்கென்றே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். வாக்குரிமை கேட்டு எழுதும்படி அவரைத் தூண்டியவர் பென் என்று அபிகெய்லே பதிவு செய்திருக்கிறார். வாக்குரிமைக்கான முயற்சி ஒரெகானில் ஐந்து முறை தோற்றது. 1912இல் வென்றபோது ஆளுநர் கேட்டுக்கொண்டபடி பிரகடனத்தைத் தன் கையால் எழுதியவர் அபிகெய்ல். அப்போது அவருக்கு வயது 78. பென் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.