வெளிவர மறுத்த குழாய்

கல்லூரி நாள்களைப்பற்றி ஏதேனும் எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். விளையாட்டுப் போட்டிகளையும் நாவன்மைக் கழகத்தையும் பற்றி எழுத வல்லார் பலருளர். யான் எழுதப் புகுந்தது ஒரு மோட்டார்ச் சைக்கிளின் புகைக்குழாயைப் பற்றி. அதற்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பென வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

என் தந்தையாரிடம் 175 சீ.சீ. பி.எஸ்.ஏ. பான்ரம் ஒன்று இருந்தது. இரண்டடிப்பு எஞ்சின், பெற்றோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றல் வேண்டும். எரியாது எஞ்சும் எண்ணெய் புகையோடு சென்று சைலன்சரினுள்ளே கரியாய்ப் படியும். ஓசையை அடக்குதற்கு அதனுள்ளே செருகப்பட்டுள்ள துளைக்குழாயைப் பட்டறையார் பஃபிள் என்பர். வாலிலுள்ள நட்டைக் கழற்றி, இடைக்கிடை அதனை வெளியே எடுத்துக் கரி சுரண்டுதல் முறை.

1969ஆம் ஆண்டு, யான் உயர்தர வகுப்பிற் பயின்ற காலை, தந்தையார் இரு நாள் கொழும்பு சென்றிருந்தார். அத்தருணம் பார்த்து அக்குழாயை உருவிவிட்டுக் கல்லூரி வாயில்வரை வண்டியை முழங்க ஓட்டினேன். ஓசை பெருகின் வேகமும் பெருகும் என்பது எம் வகுப்பினர் துணிபு. நண்பன் ஒருவன் பின்னால் ஏறியதும் வண்டி இளைத்தது. இரண்டடிப்பு எஞ்சினிற் புதுக்கலவை வெளியே ஓடிவிடாது தடுப்பதில், சைலன்சரிலிருந்து மீளும் அழுத்த அலைக்கும் பங்குண்டு என்பதை யாம் அன்று அறிந்திலோம்.

மறுநாள் தந்தையார் வருமுன் குழாயைச் செருக முயன்றேன். அது கோணிக்கொண்டது. சுத்தியலால் அடித்தேன். உள்ளே போயிற்று, பின்னர் வெளிவந்திலது.

தந்தையார் பலமுறை முயன்றார். "ஊத்தை இறுகிப்போச்சு, ஐயா" என்று பட்டறையார் கைவிரித்தனர். வால்வழியே கம்பி விட்டுக் கரியைக் குத்தியுதிர்த்தே அவர் ஓட்டலானார். "முந்தினமாதிரி இழுக்குதில்லை" என்று அவர் சொல்லுந்தோறும் யான் வேறுபக்கம் பார்ப்பேன். 1990இன் பின் குடாநாட்டிற் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயில் ஓட்டினார்; கரி இன்னுந் தடித்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நீங்கியபோது வண்டி கொட்டிலில் நின்றது. 1996இல் மீண்டபோதும் நின்றது. வீட்டிற் கூரையே இருக்கவில்லை. 2003இல் தந்தையார் மறைந்தார். யான் அவருக்கு ஒன்றுஞ் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு என் மருமகன் அவ்வண்டியை ஓட்ட விரும்பி வந்தான். இரும்புவாளை எடுத்து, "வெட்டி எறிவம், மாமா" என்றான். யான் உடன்பட்டிலேன்.

கல்லூரி ஆய்வுகூடம் கைகொடுத்தது இங்கேதான். எரிசோடா, அதாவது சோடியமைதரொட்சைட்டு, எண்ணெய்க் கரிப்படிவை இளக்கும். அதனை நீரிற் சிறிது சிறிதாக இடல் வேண்டும். அதன்மேல் நீரை ஊற்றலாகாது. எம் இரசாயன ஆசிரியர் மேசையைத் தட்டிச் சொன்ன குரல் இன்றுஞ் செவியிலுளது. அது அலுமினியத்தை அரித்து ஐதரசனை வெளிவிடுமாதலால், சைலன்சரை எஞ்சினிலிருந்து கழற்றித் தனியே எடுத்தோம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு வாயை மரக்கட்டையால் அடைத்துக் கரைசலை ஊற்றி முற்றத்தில் ஓரிரவு நிறுத்தினோம். காலையிற் கருங்கூழ் வழிந்தது. மும்முறை அவ்வாறு செய்து, நன்கு கழுவி, துருவிளக்கும் எண்ணெயில் மூன்று நாள் ஊறவிட்டோம். அப்போதும் அசைந்திலது.

பின்னர் நீண்ட போல்ற் ஒன்றைக் குழாயினுட் கொளுவி, சைலன்சரின் வாய்மீது அதனினும் அகன்ற இரும்புக்குழாய்த் துண்டொன்றையும் தடித்த வளையமொன்றையும் வைத்து, மேலே நட்டை முறுக்கினோம். காற்சுற்று, பின் ஓய்வு, மறுபடி காற்சுற்று. அடித்தால் இறுகுவது இழுத்தால் இளகும் என்று மருமகனுக்குச் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை குறைவு. மாலை நான்கு மணியளவிற் கிறீச்சென ஓரொலி எழுந்தது. குழாய் ஒரு நூலளவு நகர்ந்தது. பொழுதுபடுமுன் கையில் வந்துவிட்டது.

அதன் விளிம்பிற் பிறைபோல ஒரு நசிவு. மருமகன் அதனைத் தடவிப் பார்த்து, "இது ஆர் அடிச்ச அடி, மாமா?" என்றான்.

"நான்தான்" என்றேன். அவ்வார்த்தையை ஒருவர்க்குச் சொன்னது அதுவே முதன்முறை. 1969இல் நடந்ததை முழுவதுஞ் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

நசிவை நிமிர்த்தி, கிறீஸ் பூசிக் கையாலேயே செருகினோம். வண்டி இப்போது ஓடுகின்றது. நன்றாக இழுக்கின்றது.