மூன்று உயிர்கள்

பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்தில் பல நாள் மாலையிலேயே பனி இறங்கிவிடும். திடலில் விளையாட முடியாது. அண்ணனும் நானும் பழைய தொலைக்காட்சியில் மாரியோ விளையாடுவோம். மூன்று உயிர்கள்தாம். மூன்றும் போனால் முதலிலிருந்து ஓட வேண்டும்.

இத்தகைய விளையாட்டு திரைப்படமாகி வெல்லுமா? 1993இல் ஹாலிவுட் மாரியோவை நடிகர்களைக் கொண்டு படமாக்கியது, தோல்வி. 2023இல் வந்த அனிமேஷன் படமோ 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நானும் ரசித்தேன். ஆனாலும் ஒரு குறை. விழுந்து எழுந்தது மாரியோ, நானல்லவே!

அக்குறையைத் தீர்த்தது ஒரு தமிழ்ப்படம். அஸ்வின் சரவணன் இயக்கத்தில் 2019இல் வந்த ‘கேம் ஓவர்’ எந்த விளையாட்டின் தழுவலும் அன்று. டாப்சி ஏற்ற நாயகி, விளையாட்டுகளை வடிவமைப்பவள். கொலையாளிகளிடம் இறந்து, அதே இரவுக்குத் திரும்பி மீண்டும் போராடுகிறாள். விளையாட்டின் உருவத்தை விட்டு விதியை எடுத்துக்கொண்ட படம் அது. பார்க்கையில் என் விரல்கள் தாமாக அசைந்தன.

தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்மொழியில் தேறாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவள் நான். அழுதுகொண்டு வீடு வந்த அன்று அண்ணன் சொன்னார்: “ஒரு உயிர்தான் போச்சு, இன்னும் ரெண்டு இருக்கு.”

அப்படிச் சொன்னவர், அப்பா நோயில் விழுந்ததும் படிப்பை விட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போனார். அவருக்கு மறு ஆட்டம் கிடைக்கவில்லை. இந்த விடுமுறையில் அவரோடு அமர்ந்து அப்படத்தைப் பார்க்க வேண்டும்.