கால் தரையை விடும் முன்னே

செப்டம்பர் 7, 2024, சனி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் தொடங்க இன்னும் ஒரு வாரம். கிக்கபூ ஆற்றை ஒட்டிய மலைச்சரிவில் வெண்வால் மானுக்காகக் காத்திருக்க, ஒரு தச்சரும் அவருடைய பத்தொன்பது வயது மகளும் தயாராகிறார்கள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாடம் படித்துத் தேற வேண்டும் என்பது இங்கே பொதுவிதி. அதை அவள் பள்ளி நாட்களிலேயே முடித்துவிட்டாள். மரத்தின் மேலிருந்து வேட்டையாடப்போவது மட்டும் இதுவே முதல் முறை.

கொட்டகைத் தரையில் சாமான்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நான்கு ‘ஸ்டிக்’. ஒவ்வொன்றும் ஒரு கை நீளமுள்ள அலுமினியக் குழாய். மேலும் கீழும் கால் வைக்க இரட்டைப் படி, மரத்தைச் சுற்றிக் கட்ட ஒரு வார். பக்கத்தில், மடித்து முதுகில் சுமக்கும் பரண். அதை அடுத்து, தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் சேஃப்டி பெல்ட்.

அப்பா ஒவ்வொரு வாரையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அங்குலம் அங்குலமாக இழுத்துப் பார்க்கிறார். ஒன்றில் ஓரத்து நூல் பிசிறி, கறுப்பு நிறம் சாம்பலாக வெளுத்திருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு இற்றுப்போன வார் அது. கையால் இழுத்தால் தாங்கும், ஆள் ஏறினால் தாங்காது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கின்றன. ஐந்து ஆண்டு ஆனாலோ, ஒரே ஒரு முறை விழுந்தவரைத் தாங்கியிருந்தாலோ, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும்.

இடுப்பில் மட்டும் கட்டும் ஒற்றைப் பட்டையோடு ஏறியது ஒரு காலம். விழுந்தவரின் மொத்த எடையும் வயிற்றிலோ விலாவிலோ இறங்கி மூச்சையே அடைத்துவிடும். பரண் தயாரிப்பாளர்களின் சங்கம் இப்போது முழு உடல் பெல்ட்டை மட்டுமே பரிந்துரைக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைய பாடம், தொங்குவது.

கொல்லைப்புற மேப்பிள் மரத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மகள் பெல்ட்டோடு தொங்கினாள். சில நிமிடங்களிலேயே தொடைப் பட்டைகள் இறுக்க ஆரம்பித்தன. அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், மயக்கம் வரும். உதவி வராவிட்டால் பெல்ட் காப்பாற்றியவரே அந்தப் பெல்ட்டில் தொங்கியபடி உயிரிழக்கலாம். அதற்காகத்தான் ஒரு சிறிய வார் கூடவே வருகிறது. அதை வளையமாக்கிக் காலை ஊன்றி எழுந்தால் தொடையின் அழுத்தம் தளர்ந்து ரத்தம் ஓடும். அது எந்தப் பையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுக்கும்வரை அப்பா விடவில்லை.

பெல்ட் வாங்கும் பலர் இந்த ஒத்திகையைச் செய்வதே இல்லை என்பது வருத்தம்தான். தரையில், வெளிச்சத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகாத ஒன்றை இருட்டில் இருபதடி உயரத்தில் கை தானாகச் செய்துவிடாது.

செப்டம்பர் 14, சனி

பருவம் தொடங்கியது. வெக்கையும் கொசுவும் அதிகம். இருவரும் ஏறவில்லை, மரம் தேடினார்கள்.

ஓக் கொட்டை உதிரும் இடத்துக்கு மான் வரும். ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கும் மரமெல்லாம் ஏறத் தகுந்ததல்ல. இந்தக் காடுகளில் ஆஷ் மரங்கள் பட்ட மரமாக நிற்கின்றன. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று அவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறது. 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட அந்த வண்டு, 2008-இல் விஸ்கான்சினுக்கும் வந்துவிட்டது. அது துளைத்துக் கொன்ற ஆஷ் மரம் சீக்கிரமே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஷாக்பார்க் ஹிக்கரி உயிரோடு இருந்தாலும் ஆபத்துதான்; பட்டை பலகை பலகையாக உரிந்து நிற்பதால் கட்டிய வார் பட்டையோடு சேர்ந்து நழுவும். கடைசியில், நேராக வளர்ந்த வெள்ளை ஓக் ஒன்று அமைந்தது. மேலே முறிந்து தொங்கும் கிளை ஏதும் இல்லை என்று சுற்றி வந்து பார்த்த பிறகே அப்பா சரி என்றார்.

அக்டோபர் 12, சனி

முதல் ஏற்றம்.

இது அரசு நிலம். மாநிலத்தின் தென்பகுதி அரசு வேட்டை நிலங்களில் பரணை ராத்திரி மரத்திலேயே விட்டுவரக் கூடாது. ஆணியோ திருகாணியோ இறக்கி மரத்தைக் காயப்படுத்தவும் கூடாது. எனவே ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சுமந்து வந்து, கட்டி, ஏறி, அவிழ்த்து எடுத்துப் போக வேண்டும். ஸ்டிக்கின் அருமை தெரிவது இங்கேதான்.

முதல் ஸ்டிக்கைத் தரையில் நின்றே கட்டினாள். மேல் படியில் கை வைத்து ஏறப் போனவளை அப்பா நிறுத்தினார்.

“கயிறு எங்கேம்மா?”

“ஓரடிதானே அப்பா, அடுத்த ஸ்டிக்கில் மாட்டிக்கொள்கிறேன்.”

“கால் தரையை விடும் முன்னே மாட்டு.”

மின்கம்பத்தில் லைன்மேன் கட்டிக்கொள்வது போன்ற கயிறுதான் அது. இடுப்பின் ஒரு பக்க வளையத்திலிருந்து மரத்தைச் சுற்றி வந்து மறுபக்க வளையத்தில் கேராபைனர் என்ற உலோகக் கொக்கியால் மாட்டிக்கொள்கிறது. சாய்ந்து நின்றால் இரண்டு கையும் வேலைக்கு விடுபடும். ஏற ஏறக் கயிற்றையும் மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். வழியில் கிளை குறுக்கிட்டால், கிளைக்கு மேலே இரண்டாவது கயிற்றைக் கட்டிய பிறகே முதல் கயிற்றைக் கழற்றலாம். இரண்டுமே இல்லாத ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது ஸ்டிக்கைக் கட்டியபோது தரை பதினாறடி கீழே இருந்தது. தலைக்கு மேலே மரத்தைச் சுற்றி இன்னொரு கயிறு கட்டி, அதில் புரூசிக் முடிச்சில் பெல்ட்டை இணைத்தாள். 1931-இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் எழுதி அறிமுகப்படுத்திய முடிச்சு. சிறு கயிற்றைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்று சுற்றி உள்ளே கோத்தால், பளு இல்லாதபோது கையால் நகர்த்தலாம். பளு விழுந்த கணமே கவ்விக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கின்றனவா என்று விரலால் வருடிப் பார்த்தாள். உட்கார்ந்த பிறகு கயிறு தொய்வில்லாமல் நிற்க வேண்டும். தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுந்த பிறகுதான் முடிச்சு பிடிக்கும்.

பரணைக் கடைசி ஸ்டிக்கின் உச்சிக்குச் சற்றுக் கீழே கட்டியிருந்தாள். எட்டி மேலே ஏறுவதைவிட, கீழே காலை இறக்கிப் பரணில் நிற்பது பத்திரம். வில்லும், கூர்முனைகள் மூடிய அம்புக்கூடும் தனிக்கயிற்றில் பின்னால் வந்தன.

மான் எதுவும் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

போன வாரத்து ஏற்றத்தைப் பற்றி வீட்டில் பேச்சு. இருபதடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நொடிக்குச் சற்றே கூடுதல் நேரம் போதும். மோதும் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும். பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1989-இல் ஜார்ஜியா மாநில மான் வேட்டைக் காயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரப்பரண் சார்ந்தவை. ஏறும்போதும், இறங்கும்போதும், பரணுக்குக் கால் மாற்றும்போதும் விழுபவர்களே அதிகம். பரணில் உட்கார்ந்த பிறகு பெல்ட்டை மாட்டுகிறவர் பயணத்தின் ஆபத்தான பகுதியை வெறுங்கையோடு கடந்திருக்கிறார்.

நவம்பர் 9, சனி

இணைசேரும் காலம். கிடா மான்கள் பகலிலும் அலைகின்றன. விடியும் முன்பே இருவரும் கூப்பிடு தூரத்தில் இரண்டு மரங்களில் ஏறிவிட்டார்கள். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லியாயிற்று. கைப்பேசி எட்டும் பையில் இருக்கிறது. வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று மேலே எழும். மனித வாடையும் அதோடு மேலே போய்விடும்.

எட்டு மணிக்கு மேல், இருபது கஜத்தில் ஒரு கிடா வந்து பக்கவாட்டில் நின்றது. அம்பு விலாவுக்குள் போனது. மான் ஓடையைத் தாண்டி ஓடி மறைந்தது.

அவளுக்குக் கை நடுங்கியது, முழங்காலும். உடனே இறங்கி ஓட வேண்டும்போல் இருக்கும். அடிபட்ட மான் படுத்து அடங்க அரை மணி நேரமாவது விட வேண்டும் என்பது வில் வேட்டையின் பழைய விதி. ஏறியவரின் உடம்புக்கும் அந்த அரை மணி தேவை. அவள் காத்திருந்தாள். வில்லை முதலில் இறக்கினாள். இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டிய பிறகே தலைக்கு மேலிருந்த முடிச்சைக் கழற்றினாள். ஒவ்வொரு ஸ்டிக்காக அவிழ்த்துக்கொண்டு தரைக்கு வந்தாள். மான் நூறு கஜத்துக்குள்ளேயே கிடந்தது. மாலையில் பதிவு செய்தார்கள். 2002 முதல் இந்த மாநில மான்களில் காணப்படும் உடல் நலிவு நோய்க்கான சோதனைக்கு மாதிரியும் கொடுத்தார்கள்.

நவம்பர் 23, சனி

துப்பாக்கிப் பருவம். இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது பளிச்சிடும் ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் தன் நிலத்திலிருந்த ஏணிப்பரணை அன்போடு கொடுத்தார். மகள் ஏறும் முன் அடியில் நின்று வார்களைப் பார்த்தாள். போன ஆண்டு கட்டியதை அவிழ்க்கவே இல்லை. மரம் பருத்து வார் வில்நாண் போல விறைத்திருந்தது. ஒரு பக்கம் அணில் கடித்த தடம். அப்பாவும் வந்து பார்த்தார். இருவரும் விழுந்துகிடந்த ஓக் மரத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அன்றைய நாளை முடித்தார்கள். சாயங்காலம் பண்ணைக்காரரிடம் அந்த வாரைக் காட்டினாள். அவர் அப்போதே ஏணிக்குப் போகும் பாதையைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, புது வார் வாங்க ஊருக்குள் கிளம்பினார்.